நம்ம உறுப்பினர் அவையில் என்ன பேசினார்? வெல்லம் முதல் தொகுதி எல்லை வரை தேடிப் படிக்கும் வழி

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரியப்பா இன்னும் வெல்லம் காய்ச்சுகிறார். ஒருநாள் சாயங்காலம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏம் அம்மிணி, டெல்லியில நம்ம வெல்லத்தப் பத்திப் பேசியிருக்காங்களாமா. பேசுனது நம்ம எம்.பி.தானா, மந்திரி என்ன சொன்னாருன்னு பாத்துச் சொல்லு கண்ணு."

நாற்பது வினாடிக் காட்சி. பேசுகிறவர் பெயர் இல்லை, தேதி இல்லை. வெல்லத்தில் கலப்படம் என்று இரண்டு வாக்கியம், அதோடு வெட்டிவிட்டார்கள். அதன் முழுப் பதிவைத் தேடி எடுக்க எனக்கு நாலு நாள் ஆனது. பேசியவர் வேறு மாநில உறுப்பினர். உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசியிருந்தார், அமைச்சர் பதில் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு அதே வேலையை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அந்த வழியைத்தான், கலப்படப் பேச்சுக்கும் தொகுதி எல்லைப் பேச்சுக்கும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உறுப்பினர் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கொங்கு நாட்டில் இதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். எங்கள் மாவட்டம் ஈரோடு, எங்கள் மக்களவைத் தொகுதியோ திருப்பூர். பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி நாலும் ஈரோடு மாவட்டத்தில் இருந்துகொண்டு திருப்பூர் எம்.பி.க்கு ஓட்டுப் போடுகின்றன. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயமும் தாராபுரமும், நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையமும் ஈரோட்டு எம்.பி.யிடம் போக வேண்டும். நீலகிரித் தொகுதியைக் கேட்கவே வேண்டாம். மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் அதில்தான் சேருகின்றன. நாலு மாவட்டத்தில் கால் வைத்திருக்கும் தொகுதி அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கலப்படப் புகார் மாவட்டக் கணக்கில் போகும், கேள்வி தொகுதிக் கணக்கில் போகும். எங்கள் ஊர்ப் புகாரை ஈரோடு மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் நியமன அலுவலரிடம் தர வேண்டும். அதே விஷயத்தை மக்களவையில் கேட்க வேண்டியவர் திருப்பூர் உறுப்பினர். இரண்டையும் மாற்றி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே சொல், இரண்டு விஷயம்

அடுத்தது தேடும் சொல். தமிழில் தேடுகிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று இதில் இருக்கிறது. 'உணவுப் பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு சட்டத்துக்குச் சொல்கிறோம். 2006இல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் கலப்படம், லேபிள், உரிமம் பற்றியது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் அரிசி பற்றியது. தமிழ்நாடு அதில் 2016 நவம்பரில் சேர்ந்தது. ஒரு உறுப்பினர் 'உணவுப் பாதுகாப்பு பற்றி ஏழு முறை பேசினார்' என்று துண்டறிக்கையில் போட்டிருந்தால், ஏழில் எத்தனை அரிசி, எத்தனை கலப்படம் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் வெல்லத்துக்குப் பதில் தேடுகிற ஆளுக்கு அரிசிப் பதில் உதவாது.

பிரிக்கச் சுலபமான வழி, எந்த அமைச்சகம் பதில் சொன்னது என்று பார்ப்பதுதான். கலப்படத்தைக் கவனிக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. உணவு அமைச்சகம் என்று பெயரில் 'உணவு' இருப்பதை நம்பி அங்கே தேடினால் கிடங்கு, கொள்முதல், ரேஷன்தான் வரும். நான் நாலு நாள் வீணாக்கியது அங்கேதான். சென்னையிலும் அப்படியே. கலப்படம் மக்கள் நல்வாழ்வுத் துறையில் வரும், ரேஷன் கூட்டுறவு, உணவுத் துறையில் வரும். தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லையையும் மாற்றி அமைப்பது பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் சட்டம் மற்றும் நீதி அமைச்சகம் பதில் தரும்.

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் கேள்விகள் வந்துவிடும். பழைய விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் இருக்கின்றன. நம் சட்டமன்றப் பேரவை நடவடிக்கைகள் தமிழிலேயே கிடைக்கும். மக்களவையில் தமிழில் பேசினால் எழுத்துப் பதிவில் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கும். அதனால் அங்கே தேடும்போது வெல்லத்துக்கு ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள்.

பழகிக்கொள்ள ஒரு நல்ல பாடம் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். 1962இல் பொள்ளாச்சியில் வென்று, 1964இல் உணவு அமைச்சரானார். இந்திய உணவுக் கழகத்துக்கான சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது, கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியது. அவர் அமைச்சராக இருந்த அந்த நாட்களில் அவர் கேட்ட கேள்வி என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அமைச்சர் கேள்வி கேட்க மாட்டார், பதில்தான் சொல்வார். இப்போதும் உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் கேள்விக் கணக்கில் பூஜ்யம்தான் காட்டும். அதை வைத்து அவரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

பேச்சு எந்த வகை என்று பாருங்கள்

பூஜ்ய நேரத்தில் பேசுவது அவசர விஷயத்தை அவையின் காதில் போடுவது. அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மக்களவையில் விதி 377இன் கீழ் எழுப்பும் கோரிக்கையும் ஏறக்குறைய இதே போலத்தான், ஆனால் துறையிடமிருந்து பிறகு எழுத்தில் பதில் வரும். மசோதா விவாதத்தில் பேசினால் அந்த உறுப்பினர் சட்டத்தின் எந்தப் பிரிவைத் தொட்டார், திருத்தம் கொடுத்தாரா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது கேள்விதான். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் இந்தப் பட்டியலில் வரும், அதுவும் குலுக்கலில். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில், ஒரு நாளைக்கு 230 வரை. குலுக்கல் என்பதால் நட்சத்திரக் கேள்வி குறைவாக இருப்பது உறுப்பினரின் சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதில் தருவார்கள். பத்து உறுப்பினர் பெயர் ஒரே தாளில் இருக்கும், பத்துப் பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். எண்ணிக்கையை நான் இதனால்தான் நம்புவதில்லை. தாளைத் திறந்து படிப்பேன்.

துணைக் கேள்வியை மட்டும் விடாமல் படியுங்கள். எழுதிக் கொடுத்த கேள்வியை உதவியாளர் தயாரித்திருக்கலாம். அமைச்சர் பதிலைக் கேட்டு அந்த நிமிடமே எழுந்து கேட்பதில்தான் உறுப்பினருக்கு விஷயம் தெரியுமா என்பது வெளிவரும். ஜவ்வரிசி ஆலையின் தொட்டி நிறத்தைச் சொல்லிக் கேட்கிறவருக்கும், பொதுவாகக் கலப்படம் பெருகிவிட்டது என்கிறவருக்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

பதிலில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது

கலப்படக் கேள்விக்கு வரும் பதிலின் கடைசியில் மாநிலவாரி அட்டவணை இருக்கும். எடுத்த மாதிரிகள், ஆய்வு செய்தவை, தரத்துக்கு ஒத்துவராதவை என்று. இந்தக் கடைசி எண்ணை எடுத்துத்தான் 'இத்தனை சதவீதம் கலப்படம்' என்று மேடையில் பேசுகிறார்கள். அது சரியில்லை. சட்டத்தில் அது மூன்று வகை. பாதுகாப்பற்றது, அதாவது உடம்புக்குக் கெடுதல். தரம் குறைந்தது, அதாவது சொன்ன அளவுகோலுக்கு எட்டாதது. மூன்றாவது லேபிள் தப்பு. தேதி அச்சிடாத பாக்கெட்டும் விஷச் சாயம் போட்ட பண்டமும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

தண்டனையும் வேறு வேறு. தரம் குறைந்ததற்கு 5 லட்சம் வரை, லேபிள் தப்புக்கு 3 லட்சம் வரை அபராதம். இதை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார். பாதுகாப்பற்றது என்றால் நீதிமன்ற வழக்கு, சிறை. உயிர் போனால் குறைந்தது ஏழு ஆண்டு. ஆக, ஒரு உறுப்பினர் 'வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன' என்று பேசினால், எந்த வகை வழக்கு என்று அவர் பிரித்துக் கேட்டாரா என்று பாருங்கள். பிரித்துக் கேட்டவர் விஷயம் தெரிந்தவர்.

எங்கள் வெல்லத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பரையில் பாகு முற்றும்போது இயல்பாக அது கருஞ்சிவப்பாகத்தான் வரும். ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனப் பொடி ஒரு கை விழுந்தால் கண் எதிரே வெளுத்து மஞ்சளாகிவிடும். அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்தால் எடையும் கூடும், பளபளப்பும் வரும். பெரியப்பா இரண்டும் போடுவதில்லை. ஒருமுறை அவருடைய 30 கிலோ சிப்பத்தைப் பிரித்துப் பார்த்த ஒரு வியாபாரி, "நிறம் பத்தாதுங்க" என்று விலையைக் குறைத்தார். பக்கத்தில் இருந்த மஞ்சள் வெல்லம் நல்ல விலைக்குப் போனது. பெரியப்பா அன்று ராத்திரி சோறு உண்ணவில்லை.

இப்படிப்பட்ட விஷயத்துக்கு 'கலப்படத்தைத் தடுக்க அரசு என்ன செய்கிறது' என்ற கேள்வி உதவாது. அதற்கு எப்போதும் வரும் பதில், 'சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளைச் சேர்ந்தது' என்பது. பொய்யில்லை. உணவுக் கலப்படம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 18ஆவது இனம், டெல்லியும் சென்னையும் இரண்டுமே சட்டம் செய்யலாம். சோதனை செய்யும் ஆட்கள் மாநிலத்தில் இருக்கிறார்கள். அதனால் அளவுகோல் பற்றிய கேள்வி எம்.பி.க்கு, ஆள், ஆய்வகம், சோதனை பற்றிய கேள்வி எம்.எல்.ஏ.வுக்கு என்று நான் பிரித்துக்கொள்கிறேன். ரோடமின் சாயம் இருந்ததால் பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தடை செய்தது தமிழ்நாடு அரசுதான் என்பதை நினைவில் வையுங்கள். மாநிலத்தால் செய்ய முடிகிற காரியம் நிறைய இருக்கிறது.

எல்லை பற்றிய பேச்சு

தொகுதி மறுவரையறை என்றதும் சூடாகப் பேசுகிறார்கள். சூட்டில் நாலு விஷயம் கலந்துபோகிறது. மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது ஒன்று. மாநிலத்துக்குள் கோடு எங்கே என்பது இரண்டு. எந்தத் தொகுதி தனித் தொகுதி என்பது மூன்று. உள்ளாட்சி வார்டு நாலாவது. உங்கள் உறுப்பினர் பேச்சைப் படிக்கும்போது பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இந்த எண்ணைப் போடுங்கள். பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் ஆண்டு. 'மக்கள்தொகைப்படி' என்றால் எந்தக் கணக்கெடுப்பு? தமிழ்நாட்டின் மக்களவை இடம் 41ஆக இருந்து 1967 தேர்தலில் 39 ஆனது. 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2003இன் 87ஆவது திருத்தம், உள்ளே கோடு போட மட்டும் 2001 கணக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஆக 2008இல் வந்த தொகுதி மறுவரையறை ஆணையில் எண்ணிக்கைக்கு ஒரு ஆண்டு, எல்லைக்கு வேறு ஆண்டு. இந்த இரண்டையும் குழப்பிப் பேசிய பேச்சுகளை எல்லாக் கட்சியிலும் படித்திருக்கிறேன்.

அந்த 2008 ஆணையில்தான் எங்கள் கோபி மக்களவைத் தொகுதி போனது. திருச்செங்கோடு, ராசிபுரம், பழனி தொகுதிகளும் போயின. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பட்டியலில் வந்தன. சட்டமன்றத்தில் வெள்ளகோயில், பொங்கலூர், சத்தியமங்கலம், பேரூர் மறைந்தன. நீலகிரி தனித் தொகுதியானது. சி. சுப்பிரமணியம் 1967இல் தோற்ற கோபியும், 1977இல் வென்ற பழனியும் இப்போது மக்களவை வரைபடத்தில் இல்லை. 2009 தேர்தலில் ஓட்டுப்போடப் போனபோது எங்கள் ஆத்தா சின்னங்களைப் பார்த்துவிட்டு வந்து, "கோபிக்கு நிக்கறவிய யாருமே இல்லியா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. யாரும் அவர்களிடம் முன்பே சொல்லவில்லை.

சொல்ல ஒரு இடம் இருந்தது. அந்த ஆணையைப் போட்ட மறுவரையறை ஆணையத்தில் ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தேர்தல் ஆணையர் ஒருவரும் மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்களாக உட்காரலாம். பேசலாம், ஓட்டு கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வரைவை வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபம் வாங்கி, பொது விசாரணை நடத்திய பிறகுதான் இறுதி ஆணை. இறுதியான பின் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கப் பெரும்பாலும் வழியில்லை. அவையில் வைத்தாலும் திருத்த முடியாது. அதனால் எல்லை பற்றி உறுப்பினர் என்ன செய்தார் என்று அறிய வேண்டுமானால் அவைப் பேச்சு மட்டும் போதாது. அவர் இணை உறுப்பினராக இருந்தாரா, வரைவுக்கு எழுத்தில் கருத்து கொடுத்தாரா என்றும் பாருங்கள்.

எம்.எல்.ஏ. பேச்சைப் படிக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். மக்களவை, சட்டமன்றத் தொகுதி எல்லைக்கான சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. சட்டமன்றம் தீர்மானம் போடலாம், 2024 பிப்ரவரி 14இல் நம் பேரவை போட்டதைப் போல. அது மாநிலத்தின் குரல், எடையுள்ளது, ஆனால் கோட்டை நகர்த்தாது. வார்டு எல்லை, தாலுகா எல்லை, மாவட்ட எல்லை என்றால் மாநிலமே செய்யலாம்.

பிறகு எழுதுங்கள்

படித்ததோடு விட்டால் பெரியப்பாவுக்கு ஒன்றும் கிடைக்காது. மக்களவையில் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே உறுப்பினர் கைக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். சட்டமன்றத்துக்கு, மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்பது) வரும் நாளுக்கு முன்பு. அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் உணவுப் பாதுகாப்புக்கு ஒரு பகுதி இருக்கும், முந்தைய ஆண்டுக் குறிப்பைப் படித்துவிட்டு எழுதினால் கேள்வி கூர்மையாக வரும்.

கடிதம் ஒரு பக்கம். குறை சொல்லி நாலு வரி, கேள்வி நாலு. நாங்கள் எழுதியது இப்படி:

"ஈரோடு மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வெல்லம், நாட்டுச் சர்க்கரை மாதிரிகள் ஆண்டுவாரியாக எத்தனை எடுக்கப்பட்டன? அவற்றில் பாதுகாப்பற்றவை, தரம் குறைந்தவை, லேபிள் தப்பானவை தனித்தனியே எத்தனை? பகுப்பாய்வாளர் அறிக்கை 14 நாட்களுக்குள் வந்தவை எத்தனை? நிறத்துக்காக ரசாயனம் சேர்க்காத வெல்லத்தை வாங்குபவர் அடையாளம் காண ஏதாவது குறி அளிக்கும் திட்டம் உள்ளதா?"

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை கொள்முதல் நடப்பதையும் ஒரு வரியில் சேர்த்தோம். உறுப்பினர் எழுந்து பேசினால் அவருக்குச் சொல்ல ஊர்ப் பெயரும் பண்டப் பெயரும் வேண்டுமல்லவா.

பதில் வந்தால், அதில் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சொற்கள் வெறும் பேச்சாகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. மக்களவையில் தந்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தேதியைத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள், தாண்டினால் அதே உறுப்பினருக்கு இரண்டாவது கடிதம் போடுங்கள், முதல் பதிலின் எண்ணையும் தேதியையும் மேலே எழுதி.

எங்கள் கடிதம் போய்ப் பத்து நாளில் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். "கலந்த வெல்லம்னு சொல்றீங்களே, சோதனை அறிக்கை ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை. வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதிக்கலாம் என்று சட்டத்தின் 40ஆவது பிரிவு சொல்கிறது. சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கோவையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நீங்கள் கடிதம் எழுதும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கடை ரசீதும் அறிக்கையும் நகல் எடுத்துக் கடிதத்தோடு ஊசி குத்துங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும்.